சாம்ராஜ்யத்தைக் கொன்றது யார்?

ஒரு சாம்ராஜ்யம் செத்துக் கொண்டிருக்கிறது. ஒரு நாட்டளவு, ஒரு கண்டத்தளவு சாம்ராஜ்யம் அல்ல. நட்சத்திர மண்டலம் முழுவதும் பரந்து கிடப்பது. எண்ணில்லாத உலகங்கள் அதற்கு வரி கட்டுகின்றன. யந்திரங்கள் ஓடுகின்றன, அவை எப்படி ஓடுகின்றன என்று தெரிந்தவன் எவனும் இல்லை. உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள், தங்களை எதற்காக நியமித்தார்கள் என்பது அவர்களுக்கே மறந்து போய்விட்டது. இந்த இடத்துக்கு ஒரு விசாரணை அதிகாரி வந்து சேருகிறார். நீண்ட அங்கி, கூர்மையான பார்வை, சட்டைப் பையில் சக்கரவர்த்தியின் முத்திரை. ஒரு கொலையைப் பற்றி விசாரிக்கிறார். கொலைக்குப் பின்னால் ஒரு பிரபு வம்சம். பிரபு வம்சத்துக்குப் பின்னால் ஒரு ரகசியச் சங்கம். ரகசியச் சங்கத்துக்குப் பின்னால் அதிகார பீடத்தின் உச்சியிலேயே ஒரு துரோகி. முந்நூறாவது பக்கத்தில் துரோகி செத்து விழுகிறான். சாம்ராஜ்யம் அடுத்த புஸ்தகம் வெளிவரும் வரையில் பிழைத்துக் கிடக்கிறது.

இந்தக் கதையை நீங்கள் படித்திருக்கலாம். நீங்கள் படிக்காவிட்டாலும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். நானும் படிக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணி வரையில் விளக்கை அணைக்காமல் படித்து, வீட்டில் வசவும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இது ஒரு பொய்க் கதை என்பது என் கட்சி.

"கதை என்றாலே பொய்தானே ஐயா?" என்று கேட்பீர்கள். அந்தப் பொய்யைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல் ஓடட்டும். மனிதன் முந்நூறு வயது வாழட்டும். ஒருவன் இன்னொருவன் மனசில் நினைப்பதை வாசித்துச் சொல்லட்டும். எல்லாம் எனக்குச் சம்மதம். சாம்ராஜ்யம் ஏன் சாகிறது என்ற இடத்தில் இந்தக் கதைகள் ஒரு பொய் சொல்கின்றன பாருங்கள், அதுதான் சம்மதம் இல்லை.

இந்த வகைச் சரக்குக்குப் பெரிய கிடங்கு இன்று இங்கிலாந்தில் இருக்கிறது. நாட்டிங்ஹாம் நகரத்தில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்று ஒரு கம்பெனி. சின்னச் சின்னச் சிப்பாய்ப் பொம்மைகளை மேஜைமேல் நிறுத்தி யுத்தம் செய்யும் விளையாட்டுக்களைத் தயாரித்து விற்கிறது. 1987-ல் அது 'வார்ஹாமர் 40,000' என்ற விளையாட்டை வெளியிட்டது. பொம்மைகள் சண்டை போட வேண்டுமானால் அவற்றுக்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? அதற்காக ஒரு சாம்ராஜ்யத்தைக் கற்பனை செய்தார்கள். இன்றைக்குச் சுமார் முப்பத்தெட்டாயிரம் வருஷத்துக்கு அப்பால் அது நடக்கிறது. மனித குலத்தின் சக்கரவர்த்தி பதினாயிரம் வருஷமாகப் பொன் ஆசனம் ஒன்றில் பிணம்போல் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய உயிரை ஒரு யந்திரம் பிடித்து வைத்திருக்கிறது. தினந்தோறும் ஆயிரம் பேர், மனோசக்தி படைத்தவர்களாகப் பொறுக்கி எடுத்து, அதற்குப் பலி கொடுக்கிறார்கள். யந்திரங்கள் பழுதானால் பூசாரிகள் வந்து தூபம் போட்டு மந்திரம் ஓதுகிறார்கள்! அந்த ஒரு விவரத்துக்காகவே அதைக் கற்பித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். சீரழிவு என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்ல முடியாது.

இந்தச் சாம்ராஜ்யத்தில் 'இன்க்விசிட்டர்' என்று ஒரு வர்க்கம். சதிகாரர்களைத் தேடிப் பிடிக்கும் அதிகாரிகள். சக்கரவர்த்தி ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, சக்கரவர்த்தியோ பேசுவதில்லை. வேண்டுமானால் ஓர் உலகம் முழுவதையும் சாம்பலாக்கும்படி உத்தரவு போடலாம். டான் ஆப்னெட் என்ற ஆங்கில எழுத்தாளர் 2001-லும் 2002-லும் இப்படிப்பட்ட ஓர் அதிகாரியை வைத்து 'ஸீனோஸ்', 'மாலியஸ்', 'ஹெரெடிகஸ்' என்று மூன்று நாவல்கள் எழுதினார். கதாநாயகன் கிரெகர் ஐஸன்ஹார்ன் தன் வாயாலேயே கதையைச் சொல்லுகிறான். முதல் நாவல் ஒரு விசித்திரமான உலகத்தில் தொடங்குகிறது. வருஷத்தில் பதினொரு மாதம் அங்கே இருட்டு. பணக்காரர்கள் அந்தப் பதினொரு மாதமும் பனிப் பெட்டிகளில் படுத்து உறங்குவார்கள். ஒரு குற்றவாளி வந்து அவர்களைக் காலமில்லாத காலத்தில் எழுப்பிவிட, ஆயிரக்கணக்கில் செத்துப் போகிறார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் ஐஸன்ஹார்ன் ஒரு பெரிய பிரபு வம்சத்தின் சதியைக் கண்டுபிடிக்கிறான்.

ஆப்னெட் சாமான்ய எழுத்தாளர் அல்ல. இரண்டாவது நாவலில் விசாரணை அதிகாரியின் மேலேயே குற்றம் சுமத்தப்படுகிறது. அவனுடைய சக அதிகாரிகளே அவனைச் சிறையில் தள்ளுகிறார்கள். கடைசியில் திரைக்குப் பின்னால் இருந்தவன் இன்னொரு விசாரணை அதிகாரி என்று தெரிகிறது. மூன்றாவது நாவலுக்கு வரும்போது, எந்தப் பிசாசைக் கட்டியதற்காக மற்றவர்களைச் சுட்டுத் தள்ளினானோ அந்தப் பிசாசையே கட்டி வேலை வாங்குகிறான் நம் கதாநாயகன். மனிதன் படிப்படியாகக் கெடுவதை இவ்வளவு நிதானமாகச் சொல்ல நல்ல கை வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று நாவல்களில் அவனுடைய வழிமுறை தப்பாகிறது, மனசாட்சி தப்பாகிறது, சிநேகிதர்கள் சாகிறார்கள். அவனுடைய சந்தேகம் மட்டும் ஒரு முறைகூடத் தப்பாவதில்லை. அங்கே சதி இருக்கிறது. எப்போது தோண்டினாலும் இருக்கிறது. சுவரைத் தட்டினால் உள்ளே ஆள் இருக்கிறான். 'சதியே இல்லை, இந்த ஜனங்கள் வெறும் காய்ச்சலுக்குத் தாயத்துக் கட்டிக் கொண்டவர்கள்' என்று அவன் கண்டுபிடிக்கிற அத்தியாயம் ஒன்றே ஒன்று இருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

ஏன் அந்த அத்தியாயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். பல வருஷங்களுக்கு முன் ஒரு குடும்பம் நொடித்துப் போவதைப் பற்றி ஒரு நாவல் எழுதினேன். பெரிய வீடு, நாலு கட்டு, அறுபது ஏக்கர் நஞ்சை. நாற்பது வருஷத்தில் எல்லாம் போய்விடுகிறது. முதல் ஏழு அத்தியாயங்களைப் படித்த பத்திரிகாசிரியர், "எல்லாம் நன்றாக இருக்கிறது. வில்லன் யார்?" என்று கேட்டார். கிணறு வற்றியது, வக்கீல் பீஸ், மூன்று கல்யாணம், ஓடு மாற்றாமல் விட்ட கூரை என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூரை சரி. கூரையை ஒழுக விட்டது யார்?" என்றார். கணக்குப்பிள்ளையை வில்லனாக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். தொடர் பதினான்காவது வாரத்தோடு நின்றது. வருத்தம் இல்லை, ஆனால் அவருடைய கேள்வி மட்டும் மறக்கவில்லை. கூரை ஒழுகினால் அதை யாரோ ஒழுக விட்டிருக்க வேண்டும் என்று நினைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆளைப் பிடித்தால் கூரை சரியாகிவிடும் அல்லவா?

எதிர்காலச் சாம்ராஜ்யங்களுக்கு எல்லாம் தாய்வீடு ரோமாபுரிதான். லத்தீன் வாடை வீசும் பெயர்கள், கழுகுச் சின்னம், எல்லைப் புறத்துக் காட்டு ஜாதிகள், அரண்மனைக் காவல் படை என்று சாமான்கள் எல்லாம் அங்கிருந்து வாடகைக்கு எடுத்தவை. சாமான்களை எடுத்தவர்கள் சரித்திரத்தையும் கொஞ்சம் எடுத்திருக்கலாம். சாகிற சாம்ராஜ்யத்தில் நிஜமாகவே விசாரணை அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கூட இருந்து பார்த்த ஒருவர் எழுதியும் வைத்திருக்கிறார்.

அம்மியானஸ் மார்ஸெல்லினஸ் என்பது அவர் பெயர். கிரேக்கர், பட்டாளத்துக்காரர், ஓய்வு பெற்றபின் ரோமாபுரியில் உட்கார்ந்து முப்பத்தொரு புஸ்தகமாகச் சரித்திரம் எழுதினார். முதல் பதின்மூன்று தொலைந்து போயின. மிஞ்சியவை 353-ம் ஆண்டிலிருந்து 378 வரையில் இருபத்தைந்து வருஷத்துக் கதை. அதில் பாலஸ் என்று ஓர் அதிகாரி வருகிறான். அவனுக்குச் 'சங்கிலி' என்று பட்டப் பெயர். ஒரு குற்றச்சாட்டோடு இன்னொன்றை, ஒருவன் வாக்குமூலத்தோடு இன்னொருவன் தலையைப் பின்னிக்கொண்டே போவதில் நிபுணன். 353-ல் கலகக்காரன் ஒருவன் ஒழிந்தபின், அவனுக்கு ஒத்தாசை செய்தவர்களைப் பிடித்து வரும்படி சக்கரவர்த்தி கான்ஸ்டான்டியஸ் இவனைப் பிரிட்டனுக்கு அனுப்பினார். பிடித்தான். ஒத்தாசை செய்தவர்களையும் பிடித்தான், செய்யாதவர்களையும் பிடித்தான். அந்த மாகாணங்களை நிர்வகித்த மார்ட்டினஸ் என்பவர் நல்ல மனிதர். குற்றமற்றவர்களை விட்டுவிடு என்று கெஞ்சினார். பாலஸ் அவரையே சங்கிலியில் பூட்டுவதாக மிரட்டினான். மார்ட்டினஸ் கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்தார். வீச்சுத் தப்பிவிட்டது. அதே கத்தியைத் தம் விலாவில் பாய்ச்சிக்கொண்டு மாண்டார். ஐஸன்ஹார்னை ரசிக்கிற நண்பர்கள் இந்தக் காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுடைய நாவலில் இந்த மார்ட்டினஸுக்கு என்ன வேஷம் கொடுப்பார்கள்? சதிகாரர்களுக்கு உடந்தை என்றுதானே?

359-ல் பாலஸுக்கு இன்னொரு வேலை கிடைத்தது. எகிப்தில் ஒரு கோயிலில் குறி கேட்டவர்கள் சக்கரவர்த்தியின் ஆயுளைப் பற்றிக் கேட்டார்கள் என்று பிராது. பாலஸ்தீனத்தில் ஸ்கித்தோபோலிஸ் என்ற ஊரில் விசாரணை மன்றம் கூடியது. முறைக் காய்ச்சலுக்குக் கழுத்தில் தாயத்துக் கட்டியவனுக்கும், சாயங்காலத்தில் சமாதிப் பக்கம் நடந்து போனதாக யாராவது சொல்லிவிட்டால் அவனுக்கும் மரண தண்டனை என்ற அளவுக்குப் போயிற்று என்று அம்மியானஸ் எழுதுகிறார். தாயத்து என்று நான் மேலே சொன்னது விளையாட்டுக்காக அல்ல.

அடுத்த சக்கரவர்த்திகளில் கிழக்கே ஆண்டவர் வாலென்ஸ். 371, 372-ம் ஆண்டுகளில் அந்தியோக்கியாவில் நடந்த கூத்து இது. சிலர் கூடி ஒரு முக்காலியின்மேல் தட்டு வைத்து, தட்டின் விளிம்பில் கிரேக்க எழுத்துக்களைப் பொறித்து, நூலில் ஒரு மோதிரத்தைக் கட்டி ஆட விட்டார்கள். அடுத்த சக்கரவர்த்தி யார் என்று கேள்வி. மோதிரம் தீட்டா, எப்ஸிலான், ஓமிக்ரான், டெல்ட்டா என்று நான்கு எழுத்துக்களைத் தொட்டது. 'தியோட்'. கூட்டத்தில் ஒருவன் "தியோடோரஸ்!" என்று கத்திவிட்டான். அந்தப் பெயரில் அரண்மனையில் ஓர் உத்தியோகஸ்தர் இருந்தார். அவர் தலை போயிற்று. அதோடு நின்றதா? சங்கிலி நீண்டது. ஒருவன் வீட்டுக் காகிதங்களில் வாலென்ஸ் என்ற பெயருக்கு ஒரு ஜாதகம் அகப்பட்டது. செத்துப் போன என் தம்பியின் ஜாதகம் என்றான் அவன். அதை நிரூபிக்க அவகாசம் கொடுக்காமலே கொன்றார்கள். குளிக்கும் கூடத்தில் ஒரு வாலிபன் வயிற்று வலிக்காக விரலால் மார்பையும் சுவர்க் கல்லையும் மாறி மாறித் தொட்டு ஏழு உயிரெழுத்துக்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தலையும் போயிற்று. ஆசியா மாகாணத்தின் அதிகாரி பெஸ்டஸ் என்பவனுடைய மகளுக்குக் காய்ச்சல். மந்திரித்துக் காய்ச்சலை இறக்கும் ஒரு கிழவியை, அவனுக்குத் தெரிந்தே, கூப்பிட்டார்கள். மகள் பிழைத்தாள். பிறகு மந்திரித்த குற்றத்துக்காக அந்தக் கிழவியை அவன் கொன்றான்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் உறைக்கிற விஷயம் இன்னொன்று. மாந்திரீக நூல்கள் என்று குவித்துப் புஸ்தகங்களை எரித்தார்கள்; எரித்தவற்றில் பெரும்பாலானவை பல்வேறு கலைகளையும் சட்டத்தையும் பற்றியவை. கிழக்கு மாகாணங்களில் ஜனங்கள் பயந்துபோய்த் தங்கள் வீட்டுப் புஸ்தகசாலைகளைத் தாங்களே கொளுத்தினார்கள். விசாரணை அதிகாரி வரவேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று.

இவ்வளவு சுறுசுறுப்பாகச் சதியைத் தேடிய அந்த ராஜ்யத்தில், 376-ல் என்ன நடந்தது? ஹூணர்களுக்குப் பயந்து காத்தியர்கள் குடும்பம் குடும்பமாக டான்யூப் நதிக்கரைக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். வாலென்ஸ் சம்மதித்தார். படைக்கு ஆள் கிடைக்கும் என்று கணக்கு. நதியைக் கடந்து வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டிய பொறுப்பு லூப்பிஸினஸ், மாக்ஸிமஸ் என்ற இரண்டு அதிகாரிகளிடம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊர் நாய்களைப் பிடித்து வரச் சொன்னார்கள். ஒரு நாய்க்கு ஓர் அடிமை என்று விலை வைத்தார்கள். பட்டினி கிடந்தவர்கள் பிள்ளைகளைக் கொடுத்து நாய்க் கறி வாங்கினார்கள். தலைவர்களின் பிள்ளைகள்கூட அந்த விலைக்குப் போனார்கள். பிறகு லூப்பிஸினஸ் காத்தியத் தலைவர்களை விருந்துக்குக் கூப்பிட்டு, விருந்து நடக்கும்போதே அவர்களுடைய காவலர்களை வெட்டச் சொன்னான். தலைவர்களில் ஒருவன் தப்பிப் போய்ப் படை திரட்டினான். 378 ஆகஸ்ட் 9-ந் தேதி, ஆட்ரியானோப்பிள் என்ற இடத்தில், ரோமப் படையில் மூன்றில் ஒரு பங்குதான் உயிரோடு மீண்டது. வாலென்ஸின் சவம்கூட அகப்படவில்லை.

நாய் வியாபாரத்தில் ரகசியம் எதுவும் இல்லை. முக்காலி இல்லை, மோதிரம் இல்லை. பட்டப் பகலில், நதிக்கரையில், எல்லோரும் பார்க்க நடந்தது. காய்ச்சல் கிழவியைக் கண்டுபிடித்த விசாரணை இலாகாவுக்கு அது கண்ணில் படவில்லை. அடுத்த வருஷம் பட்டத்துக்கு வந்தவர் பெயர் தியோடோஸியஸ். முதல் நாலு எழுத்தைப் பாருங்கள். மோதிரத்தை நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள்; நான் அதற்கு வரவில்லை.

மேற்கே நடந்ததும் இதே கதைதான். 408-ல் தளபதி ஸ்டிலிக்கோவைச் சதிகாரன் என்று வெட்டினார்கள். 410-ல் அலாரிக் ரோமாபுரியைக் கொள்ளையிட்டான். 454-ல் தளபதி ஏட்டியஸ் துரோகி என்று சக்கரவர்த்தி வாலென்டினியன் தன் கையாலேயே குத்திக் கொன்றான். மறு வருஷம் அவன் கொலையுண்டான், நகரமும் மறுபடி கொள்ளை போயிற்று. இதற்கு நடுவே 439-ல் வாண்டல்கள் கார்த்தேஜைப் பிடித்துக்கொண்டதால் ஆப்பிரிக்காவின் கோதுமையும் வரியும் கை நழுவின. சம்பளம் கொடுக்க முடியாத பட்டாளம் எத்தனை நாள் நிற்கும்? கார்த்தேஜ் போனதைப் பற்றி நாவல் எழுதினால் ஆயிரம் பிரதி போகாது. ஏட்டியஸின் கொலையை எழுதினால் சினிமாவாகவே எடுப்பார்கள்.

"இதெல்லாம் சரித்திரம். எதிர்காலக் கதையில் வரவு செலவுக் கணக்கு எழுதினால் யார் படிப்பார்கள்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. ஒருவர் எழுதினார், உலகமே படித்தது.

ஐசக் அஸிமோவ் 1920-ல் ருஷ்யாவில் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்கா போனவர். இருபத்திரண்டாவது வயதில், 1942-ல், 'அஸ்டௌண்டிங்' என்ற பத்திரிகையில் 'பவுண்டேஷன்' கதைகளை ஆரம்பித்தார். கிப்பன் 1776-லிருந்து 1788 வரையில் ஆறு தொகுதிகளாக எழுதிய ரோம வீழ்ச்சிச் சரித்திரம்தான் அவருக்குப் பின்பலம். நட்சத்திர சாம்ராஜ்யம் விழப்போகிறது. ஹாரி ஸெல்டன் என்ற கணித நிபுணர் அதை முன்கூட்டியே கணித்துவிட்டார். தனி மனிதன் என்ன செய்வான் என்று அவருடைய கணிதம் சொல்லாது. கோடானுகோடி ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லும். ஒரு வாயுத் துளி எங்கே போகும் என்று தெரியாவிட்டாலும் பானை வாயுவின் அழுத்தம் தெரிகிறதல்லவா, அது மாதிரி.

இந்த வரிசையில் 1945-ல் வந்தது ஒரு நெடுங்கதை. பிறகு 1952-ல் 'தளபதி' என்று பொருள்படும் தலைப்போடு புஸ்தகத்தில் சேர்ந்தது. பெல் ரியோஸ் என்ற இளம் தளபதி, எல்லைக்கு அப்பால் மந்திரவாதிகள் இருப்பதாக வதந்தி கேட்டு, விசாரித்துக்கொண்டு ஒரு கிழப் பிரபுவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பெலிஸாரியஸ் என்ற கான்ஸ்டான்டிநோப்பிள் தளபதியின் சாயலில் செய்த பாத்திரம் இது. கெட்டிக்காரன், யோக்கியன், வீரன். எல்லைக்கு அப்பால் இருக்கும் புது ராஜ்யத்தை அவன் ஜெயித்தே தீருவான் போல் இருக்கிறது. அந்த ராஜ்யத்தின் வியாபாரி ஒருவனும் கிழப் பிரபுவும் தலைநகரான டிராண்டருக்கு ஓடுகிறார்கள், தளபதியைச் சதிகாரன் என்று சக்கரவர்த்தியிடம் கோள் சொல்லி வீழ்த்த. குமாஸ்தாவுக்கு லஞ்சம், அவனுக்கு மேலே இருப்பவனுக்கு லஞ்சம், அவனுக்கும் மேலே லஞ்சம். சக்கரவர்த்தியின் நிழலைக்கூட நெருங்க முடியவில்லை. கடைசியில் ரகசியப் போலீஸிடம் அகப்பட்டு, அடித்துப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஓடும் வழியில் பத்திரிகையைப் பார்த்தால், தளபதியைத் திருப்பி அழைத்துக் கைது செய்துவிட்டார்களாம்!

இவர்களுடைய சதியால் ஒரு துரும்பும் அசையவில்லை. கிழவர் காரணம் சொல்கிறார். தளபதி பலவீனன் என்றால் ஜெயிக்க மாட்டான். தளபதி பலசாலி, சக்கரவர்த்தி பலவீனன் என்றால், தளபதி வெளியே போய்ச் சண்டை போடமாட்டான், சிம்மாசனத்தைப் பிடிப்பான். சக்கரவர்த்தியும் பலசாலி என்றால், ஜெயிக்கிற தளபதியை விட்டு வைக்க மாட்டார். எப்படிப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். சாம்ராஜ்யத்தின் வியாதி சாம்ராஜ்யத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

வில்லன் இல்லை. துரோகி இல்லை. ஆனாலும் கடைசிப் பக்கம் வரையில் புஸ்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. இருபத்தைந்து வயதுப் பையன் செய்து காட்டிய வித்தை இது. அந்தப் பத்திரிகாசிரியருக்கு இதை யாராவது படித்துச் சொல்லியிருக்கலாம்.

சோகம் என்னவென்றால், அதே பையன்தான் பின்னால் பத்திரிகாசிரியர் கட்சிக்குப் போய்விட்டார். 1948-லிருந்து 1950 வரையில் எழுதிய கதைகளில் 'இரண்டாவது பவுண்டேஷன்' என்ற ஒரு ரகசியக் கூட்டம் முன்னால் வருகிறது. மற்றவர்கள் மனசைத் திருகி விடுகிற நிபுணர்கள். துப்பறிகிறவர்கள் தேடித் தேடி ஐம்பது பேரைப் பிடித்து, ரகசியம் தீர்ந்தது என்று மூச்சு விடுகிறார்கள். அந்த ஐம்பது பேரும் அகப்படுவதற்கென்றே நிறுத்தி வைத்தவர்கள். உண்மையான தலைவர் டிராண்டரில் விவசாயி வேஷத்தில் சுகமாக இருக்கிறார். சாமர்த்தியமான முடிச்சுத்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸெல்டனின் கணிதம் என்ன ஆயிற்று? கோடானுகோடி ஜனங்களின் போக்கு என்பது போய், இருட்டறையில் நாலு பேர் சாவி முடுக்கினார்கள் என்று ஆயிற்று. 1951-ல் முதல் புஸ்தகத்துக்குப் புதிதாக ஒரு முதல் அத்தியாயம் எழுதிச் சேர்த்தார். அதிலும் ஸெல்டனை ராஜத்துரோகி என்று விசாரித்து நாடு கடத்துகிறார்கள். அந்தத் தண்டனையையே ஸெல்டன் திட்டமிட்டு வாங்கிக்கொண்டார் என்று கடைசியில் தெரிகிறது.

முப்பது வருஷம் கழித்து வாசகர்களும் பிரசுரகர்த்தர்களும் நச்சரித்ததன் பேரில் மறுபடி எழுத உட்கார்ந்தார். 1986-ல் ஒன்று, 1988-ல் ஒன்று. இப்போது இருட்டறையில் நாலு பேர்கூட இல்லை. சக்கரவர்த்தியின் பிரதம மந்திரி ஒரு யந்திர மனிதன். அவன்தான் இருபதாயிரம் வருஷமாக மனித குலத்தையே திரைமறைவில் நடத்தி வருகிறான்! 1953-ல் வேறொரு துப்பறியும் நாவலில் போலீஸ்காரனுக்குத் துணையாக வந்த டானீல் என்ற அதே யந்திரம். சரித்திரத்துக்கு ஆள் யார் என்று கேட்டால் விலாசத்தோடு சொல்லிவிட்டார். லட்சக்கணக்கில் விற்றது. கிப்பனை வைத்துக்கொண்டு ஆரம்பித்த மனிதர் சூத்திரக் கயிற்றில் வந்து முடிந்தார். விற்ற புஸ்தகங்களைப் பற்றி எனக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால், அதில் கொஞ்சம் வாஸ்தவம் இருக்கலாம். ஆனாலும் 1945-ம் வருஷத்துக் கதைதான் சிறந்தது என்று எந்தக் கோர்ட்டிலும் வந்து சாட்சி சொல்லுவேன்.

என் நண்பர் ஒருவர், நன்றாகப் படித்தவர், குறுக்கே பாய்ந்தார். "சதியே நடப்பதில்லை என்கிறீரா? சீஸரைக் குத்தியது யார்? கடம்பூர் மாளிகையை மறந்துவிட்டீரா?" என்றார். மறக்கவில்லை. வந்தியத்தேவன் ஒட்டுக் கேட்பதைப் படித்து வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்! சதி நடக்கும். வளர்கிற ராஜ்யத்திலும் நடக்கும், தேய்கிற ராஜ்யத்திலும் நடக்கும். சோழ ராஜ்யம் அந்தக் கொலைக்குப் பிறகுதான் கடல் கடந்து பெருத்தது. ஆகவே ராஜ்யம் தேய்வதற்குச் சதியைக் காரணம் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொன்னேன். 275-ல் அவுரேலியன் என்ற சக்கரவர்த்தி கொலையுண்டதற்குப் பழைய சரித்திரக்காரர்கள் சொல்லும் காரணம் இது: ஒரு காரியதரிசி ஏதோ தப்புச் செய்துவிட்டுத் தண்டனைக்குப் பயந்தான். சக்கரவர்த்தி எழுதியதுபோலவே, கொல்ல வேண்டியவர்களின் ஜாபிதா ஒன்றைப் போலியாகத் தயார் செய்து, அதில் பெயர் கண்ட அதிகாரிகளிடம் காட்டினான். அவர்கள் நம்பிவிட்டார்கள். ஏன் நம்பினார்கள்? அப்படிப்பட்ட ஜாபிதாக்கள் அந்த ஊரில் சகஜம். முந்திக்கொண்டு சக்கரவர்த்தியைக் கொன்றார்கள். சதியைத் தேடுகிற ஊரில் சதி இப்படித்தான் பிறக்கிறது. அந்தக் காலத்தில் வெள்ளி நாணயத்தில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. மீதி செம்பு முதலான மட்ட உலோகம். நாணயத்தில் வெள்ளியைக் குறைத்தது யார் என்று விசாரித்தால் இருநூறு வருஷத்துச் சக்கரவர்த்திகள் அத்தனை பேரையும் கூண்டில் ஏற்ற வேண்டும். பகிரங்கமாக, தங்கள் முகத்தைப் பொறித்தே குறைத்தார்கள்.

நண்பர் சமாதானம் அடையவில்லை. "அப்படியானால் விசாரணை அதிகாரியை வைத்துக் கதையே எழுதக் கூடாதா?" என்று கேட்டார்.

தாராளமாக எழுதலாம். எழுதத்தான் சொல்கிறேன். நாற்பதாயிரமாவது வருஷத்தில் எங்கோ ஒரு தானிய உலகத்துக்கு அவனை அனுப்புங்கள். அங்கி, முத்திரை எல்லாம் இருக்கட்டும். அகதிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். மந்திரவாதி ஒருவன் அவர்களோடு கலந்து வந்திருப்பதாகத் தகவல். அவனைப் பிடிக்கத்தான் இவனை அனுப்பியிருக்கிறார்கள். மந்திரவாதியைத் தேடுகிற சாக்கில் இவன் பண்டகசாலைப் பேரேட்டைப் புரட்டுகிறான். பத்தாயிரம் பேருக்குக் கோதுமை பற்று எழுதியிருக்கிறது. வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்தக் கோதுமை போய்ச் சேரவில்லை. பண்டகசாலைக்குப் பின்னால் நாய்க் கூண்டுகள். மந்திரவாதி யாரும் இல்லை. இவன் ஒரு நல்ல பேனாவை எடுத்து, கண்டதைக் கண்டபடி, நான்கு பக்கத்துக்குள் எழுதித் தலைநகருக்கு அனுப்புகிறான். தலைநகரத்தில் அந்த உறையைப் பிரிக்கும் குமாஸ்தா, 'மந்திரவாதி' என்ற தலைப்பின் கீழ் ஒன்றும் எழுதாமல் விட்டிருப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறான். அங்கிருந்து கதை ஆரம்பிக்கட்டும்.